மிச்சம் நிற்கிற ஆட்கள்

ஒரு எண் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடுமா என்று பார்க்க அதை வகுக்கவே வேண்டாம், இலக்கங்களைக் கூட்டினால் போதும் என்று என் தங்கை சொன்னபோது அவள் என்னை ஏமாற்றுகிறாள் என்றுதான் நினைத்தேன். ஊர் ஊராகத் திரிந்தவனுக்கு இந்தச் சந்தேகம் சீக்கிரம் வரும். குண்டக்கல் ஸ்டேஷனுக்கு வெளியே மூன்று சீட்டைக் கவிழ்த்துப் போட்டு ஆட்டம் காட்டுகிறவனும் இப்படித்தான் பேசுவான். எல்லாம் கண்ணெதிரேதான் நடக்கும். எப்படி நடந்தது என்று மட்டும் தெரியாது.

"எழுநூத்தி முப்பத்தெட்டு," என்றாள். "ஏழும் மூணும் பத்து, பத்தும் எட்டும் பதினெட்டு. பதினெட்டு ஒம்பதால போவும். அப்ப எழுநூத்தி முப்பத்தெட்டும் போவும். வேணும்னா போட்டுப் பாரு."

போட்டுப் பார்த்தேன். போயிற்று.

"எப்படிப் போவுது?"

"அது ரூல்."

"யாரு போட்ட ரூலு?"

"கவர்னர் போட்டாரு. எழுது ண்ணா."

நான் எட்டாவது வரை படித்தவன். அதற்கு மேல் பள்ளிக்கூடத்தில் உட்கார முடியவில்லை. கஷ்டம் என்று சொல்ல மாட்டேன், உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். பங்காருப்பேட்டை வரை டிக்கெட் இல்லாமல் போய், அங்கிருந்து எந்த ரயில் வந்ததோ அதில் ஏறினேன். லாரியில் கிளீனர், ஹோட்டலில் டேபிள் துடைப்பு, பம்பாயில் மூட்டை. சில ஊர்களில் சாப்பாடு கிடைத்தது, சில ஊர்களில் கிடைக்கவில்லை. ஜோலார்பேட்டை பிளாட்பாரத்தில் எங்கள் சுரங்க லைனைச் சேர்ந்த ஒருவரைப் பார்த்தபோதுதான் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்பது தெரிந்தது. "உங்க நைனாவ அன்ஃபிட் பண்ட்டாங்கடா. வூட்டக் காலி பண்ணணுமாம். நீ இங்க டீ குடிச்சிகினு கீற," என்றார். டீயை வைத்துவிட்டு வந்தேன்.

தங்கச் சுரங்கத்துக் கூலிக்காரர்களுக்குக் கட்டிய ஸ்கெலட்டன் லைனில் எங்கள் வீடு. மூங்கில் தட்டிச் சுவர், தகரக் கூரை, ஒரு அறை, ஒரு அடுப்படி. சுரங்கத்தைச் சர்க்கார் எடுத்துக்கொண்ட பிறகும் நாங்கள் கம்பெனி வீடு என்றுதான் சொல்வோம். பேரேட்டில் பெயர் இருக்கிறவனுக்குத்தான் வீடு. அப்பாவின் நெஞ்சில் கல்தூசி ஏறி, இனி கீழே இறங்கக்கூடாது என்று டாக்டர் எழுதிவிட்டார். பெயர் போயிற்று. வருஷக் கடைசிக்குள் வீட்டை விடவேண்டும். ஒரே ஒரு வழி இருந்தது. சுரங்கத்தின் தொழிற்பயிற்சிக்கு ஆள் எடுத்தார்கள். ஃபிட்டர், எலெக்ட்ரீசியன், டர்னர் என்று. அதில் மகனுக்கு இடம் கிடைத்தால் வீட்டை அவன் பெயருக்கு மாற்றித் தருவோம் என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள். எட்டாவது பாஸ் போதும். ஆனால் நுழைவுப் பரீட்சை உண்டு. பாதிக்கு மேல் கணக்கு.

என் தங்கை எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டுத் தட்டெழுத்து கற்றுக்கொண்டிருந்தாள். கணக்கில் அவளுக்கு வந்த மார்க்கை அம்மா இன்னும் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். பயிற்சிக்குப் பெண்களை எடுப்பதில்லை. அதனால் அவளுக்குத் தெரிந்த கணக்கை என் மண்டைக்குள் மாற்றி வைக்கவேண்டியதாயிற்று. வீடு நிற்பதும் போவதும் அதில் இருந்தது.

பழைய கேள்வித்தாள் ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்திருந்தாள். ஒரு பக்கம் இங்கிலீஷ், மறு பக்கம் கன்னடம். தமிழ் இல்லை. கன்னடம் எனக்குப் பேச வரும், படிக்க வராது. ஆகவே இங்கிலீஷில் எந்தச் சொல் வந்தால் என்ன செய்யவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். டிவிசிபிள் என்று வந்தால் மீதி இருக்கக்கூடாது. ரிமைண்டர் என்று வந்தால் மீதியைத்தான் கேட்கிறான். ஒவ்வொரு கேள்விக்கும் நாலு விடை கொடுத்திருப்பான், சரியானதில் டிக் போடவேண்டும்.

"நாலுல ஒண்ணு சரின்னா குருட்டாம்போக்குல போட்டாலே கொஞ்சம் வருமே," என்றேன்.

"கொஞ்சம் வந்தா கொஞ்சம் வூடு குடுப்பாங்களா? அடுப்படி மட்டும்?"

முதல் தகராறு ஏழில் வந்தது. ஒன்றிலிருந்து நூறு வரை ஏழால் வகுபடும் எண்கள் எத்தனை என்று ஒரு கேள்வி. நான் பதினைந்து என்றேன்.

"பதினாலு," என்றாள்.

"பதினாலு ஏழு தொண்ணூத்தெட்டு. இன்னும் ரெண்டு நிக்குது இல்ல?"

"நிக்கட்டும்."

"எங்க நிக்கும்?"

கட்டிலில் சாய்ந்திருந்த அப்பா இதற்காகவே காத்திருந்தது போலத் தலையைத் தூக்கினார். சுரங்கத்துக்குக் கீழே லெவலில், ஆட்களை மேலே தூக்குகிற கேஜ் என்ற இரும்புக் கூண்டுக்கு ஆள் ஏற்றி மணி அடிக்கிற வேலை அவருக்கு இருந்தது. ஷிப்ட் முடிந்து ஆட்கள் வந்து நிற்பார்கள். கேஜ் கொள்கிற அளவு ஏற்றுவார், கம்பிக் கதவைப் போடுவார், மணி அடிப்பார், கேஜ் மேலே போகும். மறுபடி வரும். கடைசியில் ஒரு ஆள் நின்றாலும் அவனுக்காகக் கேஜ் வரவேண்டும். ஆளைக் கீழே விட்டுவிட்டு யாரும் மேலே வரமாட்டார்கள். அது சட்டமா வழக்கமா எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் வகுத்தல் என்றால் அதுதான். சின்ன வயதில் அவர் எனக்குக் கணக்குச் சொன்னதே அப்படித்தான். இத்தனை ஆள், கேஜில் இத்தனை பேர், எத்தனை நடை?

"அவன் சொல்றது சரிதானேம்மா," என்றார் அப்பா. மூச்சு வாங்க ஒரு இடைவெளி விட்டார். "ஏழு பேர் கேஜு. நூறு ஆளு. பதினாலு நடை போச்சி. ரெண்டு பேரு நிக்கறான். அவன இன்னா பண்ணுவ? அங்கியே வுட்டுட்டு வருவியா?"

"நைனா, இது ஆளு இல்ல. நம்பரு."

"நம்பருன்னா வுட்டுட்டு வந்துடலாமா?"

"வுட்டுடலாம்."

"இன்னா படிப்பு இது," என்று அவர் படுத்துவிட்டார்.

தங்கை என் பக்கம் திரும்பி, மெதுவாக, ஆனால் கோபமாகச் சொன்னாள்: "அவன் கேக்கறது எத்தினி நடைன்னு இல்ல. முழுசா ரொம்பின கேஜு எத்தினின்னுதான். பதினஞ்சாவது கேஜு ரொம்பல. அத எண்ணாத."

அடுத்த நாள் வேறொரு கணக்கு. ஒரு பள்ளிக்கூடத்தில் நூறு பேர், ஒரு பெஞ்சில் ஏழு பேர், எத்தனை பெஞ்சு வேண்டும்? நான் உஷாராகப் பதினாலு என்றேன். பதினைந்து என்றாள். மிச்சம் ரெண்டு பேர் தரையிலா உட்காருவார்கள் என்று கேட்டாள். நான் நோட்டை மூடிவிட்டு வெளியே போய் சைனைட் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அரைத்துத் தீர்த்த கல்மண் வெள்ளையாகக் குவிந்து கிடக்கும், காற்றடித்தால் கண்ணில் விழும். அப்படியே ஸ்டேஷனுக்கு நடந்துவிடலாமா என்று தோன்றியது. தோன்றியது என்றுதான் சொல்கிறேன். உள்ளே அப்பா இருமிக்கொண்டிருந்தார். திரும்ப உள்ளே வந்தேன்.

"மிச்சத்த எப்ப எண்ணணும், எப்ப எண்ணக்கூடாதுன்னு எப்படித் தெரியும்?"

"கேள்வியப் படி. தெரியும்."

படித்தேன். தெரியவில்லை. ஆனால் பாதிக்கு மேல் சரியாக வர ஆரம்பித்தது, ஏன் என்று கேட்காதவரை. இரண்டு என்றால் கடைசி எண் இரட்டையா பார். ஐந்து என்றால் கடைசியில் ஐந்தா பூஜ்யமா பார். நாலு என்றால் கடைசி இரண்டு இலக்கத்தைப் பார். இதெல்லாம் ஒருமாதிரி மண்டையில் ஏறியது. மூன்றும் ஒன்பதும்தான் ஏறவில்லை. எழுநூறில் இருக்கிற ஏழும் எட்டில் இருக்கிற எட்டும் ஒன்றா? எழுநூறு பேர் எங்கே, எட்டுப் பேர் எங்கே? இரண்டையும் சமமாக வைத்துக் கூட்டினால் எப்படிக் கணக்கு சரியாக வரும்?

தெருவில் போகிறபோது பஸ் நம்பர், லாரி நம்பர், வீட்டுக் கதவு நம்பர் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். ஒன்றாவது பொய்யாகாதா என்று பார்த்தேன். ஆகவில்லை. ஆண்டர்சன்பேட்டை கடைவீதியில் ஒரு லாரிக்குப் பின்னால் நின்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தபோது டிரைவர் இறங்கி வந்து, "இன்னா நைனா, வாங்கப் போறியா?" என்று கேட்டான்.

அம்மாவிடம்கூடக் கேட்டேன். அவள் குழாயடியிலிருந்து வந்து, புத்தர் படத்துக்கு முன்னால் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். "எனக்கு இன்னாடா தெரியும். நாலு பேருக்குச் சோறு, மூணு பேர் அரிசி. அத எப்படிப் பங்கு போடறதுன்னு கேளு, சொல்றேன்," என்றாள்.

பரீட்சை நாளன்று தங்கை கூடவே ஊரிகம் வரை வந்தாள். நான் நடுவழியில் ரயில் ஏறிவிடுவேன் என்ற பயம் அவளுக்கு இருந்திருக்கலாம். ஸ்டேஷனைத் தாண்டும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியாதத வுட்டுட்டு மேல போ. ஒரே எடத்துல குந்திகினு இருக்காத. எல்லாத்தையும் தொட்டுடு. புரிஞ்சிதா?"

"புரிஞ்சிது."

"இன்னா புரிஞ்சிது?"

"குந்திகினு இருக்கக்கூடாது."

பள்ளிக்கூட ஹால் ஒன்றில் பரீட்சை. லைன் பையன்கள் நிறைய பேர். பெரும்பாலானவர்கள் என்னைவிட வயதில் சின்னவர்கள். பெஞ்சு என் முழங்காலுக்கு இடித்தது. தாளைக் கொடுத்தார்கள். முதல் பக்கம் நன்றாகவே போயிற்று. அந்த ஏழால் வகுபடுகிற கேள்வி வந்தது, இந்தத் தடவை வேறு எண்களோடு. நிரம்பிய கேஜை மட்டும் எண்ணி டிக் போட்டேன். மனது ஒப்பவில்லை, ஆனாலும் போட்டேன்.

இரண்டாம் பக்கத்தில் அந்தக் கேள்வி இருந்தது. ஐந்து, அடுத்து ஒரு நட்சத்திரம், அடுத்து இரண்டு. இந்த எண் ஒன்பதால் வகுபட வேண்டுமானால் நட்சத்திரத்தின் இடத்தில் எந்த இலக்கம் வரவேண்டும்? ஐந்தும் இரண்டும் ஏழு. இன்னும் இரண்டு வேண்டும். விடை இரண்டு. டிக் போட்டேன். போட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கவேண்டும்.

ஐநூற்று இருபத்திரண்டு. அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எண்ணாக அது எனக்கு எதுவும் சொல்லவில்லை. ஆட்களாக நிற்க வைத்துப் பார்த்தேன். ஐநூற்று இருபத்திரண்டு பேர் தொப்பியும் விளக்குமாக லெவலில் நிற்கிறார்கள். அப்பா கம்பிக் கதவைத் திறக்கிறார். ஒன்பது பேர் கேஜ். முதலில் நடு இலக்கத்து இருபது பேரை எடுத்துக்கொள்வோம் என்று நினைத்தேன். அதில் முதல் பத்துப் பேரில் ஒன்பது பேர் ஏறிப் போகிறார்கள். ஒருவன் நிற்கிறான். அடுத்த பத்திலும் ஒன்பது பேர் போகிறார்கள். ஒருவன் நிற்கிறான். இரண்டு பத்துக்கு இரண்டு பேர்.

நூறு பேர் வந்தால்? பதினோரு நடையில் தொண்ணூற்றொன்பது பேர் போய்விடுவார்கள். அப்போதும் ஒருவன்தான் நிற்கிறான். பத்துப் பேர் வந்தாலும் ஒருவன், நூறு பேர் வந்தாலும் ஒருவன். ஐநூறுக்கு ஐந்து பேர்.

கடைசி இலக்கத்து இரண்டு பேர் எப்படியும் தனியாகத்தான் நிற்கிறார்கள். ஐந்து, இரண்டு, இரண்டு. அந்த இலக்கங்கள் எண்ணின் துண்டுகள் அல்ல, மிச்சம் நிற்கிற ஆட்கள். அவர்களைத்தான் நாம் கூட்டுகிறோம். ஒன்பது பேர் ஆனார்கள். ஒரு கேஜ். எல்லோரும் மேலே போனார்கள்.

அப்படியென்றால் ஆயிரத்துக்கு? தாளின் ஓரத்தில் போட்டுப் பார்த்தேன். ஒருவன்தான். பத்தாயிரத்துக்கு? அதற்கும் ஒருவன். பிறகு மூன்றுக்கு எப்படி என்று பார்த்தேன். ஒன்பது பேர் கேஜில் போகிறவர்கள் மூன்று பேர் கேஜிலும் போவார்கள், அதே ஒருவன்தான் நிற்பான். லாரி நம்பர்கள் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எல்லாவற்றையும் நிற்க வைத்து ஏற்றிப் பார்த்தேன். ஒருவன்கூடத் தவறவில்லை. இத்தனை வருஷம் ஊர் சுற்றியதில் ஒரு விஷயம் இப்படிக் கையில் வந்து உட்கார்ந்ததாக நினைவில்லை.

மணி அடித்தது. ஹாலைக் கண்காணித்த கோட்டுப் போட்டவர் தாளை வாங்க வந்தபோதுதான் மூன்றாம் பக்கத்தையும் நான்காம் பக்கத்தையும் நான் திருப்பவே இல்லை என்பது தெரிந்தது.

நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கும், வெளியே வந்தபோது நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். தங்கை மதிலோரம் நீலகிரி மரத்தடியில் நின்றிருந்தாள்.

"கண்டுபுடிச்சிட்டேன்!" என்றேன்.

"இன்னா?"

"ஒம்பது ரூலு. எதுக்குக் கூட்டறோம்னு. பத்துல ஒருத்தன் நிக்கறான், நூறுலயும் ஒருத்தன்தான் நிக்கறான்..."

சொல்லச் சொல்ல அவள் கண் விரிந்தது. அவளுக்கும் அது தெரியாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு நிமிஷம் அவளும் என்னோடு அந்த லெவலில் நின்றாள். "ஆமா ண்ணா," என்றாள் மெதுவாக. பிறகு எதுவோ உறைத்தது போல நின்று என் முகத்தைப் பார்த்தாள்.

"இத எப்ப கண்டுபுடிச்ச?"

"உள்ளதான்."

"உள்ள எத்தினி எழுதின?"

சொன்னேன். அவள் மதிலை விட்டு விலகி நடக்க ஆரம்பித்தாள். பிறகு, "அத வெளிய வந்து கண்டுபுடிச்சிருக்கக் கூடாதா?" என்றாள். வீடு வரை என் முழங்கையை அவள் பிடிக்கவில்லை. ஸ்டேஷனில் வண்டி நின்றிருந்தது. நான் ஏறினால்கூடத் திரும்பிப் பார்த்திருப்பாளா என்று தெரியாது.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். "ஒம்பது பேர் கேஜு எங்கியும் கெடயாதே," என்றார் முதலில். பிறகு, "ஆனா கரெக்டுதான். மேல போனவன எதுக்கு எண்ணறது? நிக்கறவன எண்ணினா போதும். நாங்க அப்படித்தான் பண்ணுவோம்," என்றார். தங்கை அடுப்படிக்குள் போய்விட்டாள். பாத்திரம் வைக்கிற சத்தம் பலமாகக் கேட்டது.

பட்டியலை ஆபீஸ் வாசலில் ஒட்டினார்கள். என் பெயர் இல்லை. இரண்டு பக்கம் எழுதாததால் இல்லையா, வயதினால் இல்லையா, வேறு காரணமா, எனக்குத் தெரியாது. கேட்டேன். அங்கிருந்தவர், "இல்லைன்னா இல்லை," என்றார். எங்கள் லைனில் என்னைவிட மக்கு என்று எல்லோரும் சொன்ன ஒருவனுக்கு ஃபிட்டர் கிடைத்திருந்தது. அவனிடம் ஒன்பது ரூல் ஏன் என்று கேட்டேன். "இன்னா ரூலு?" என்றான். அவன் எல்லாப் பக்கத்தையும் தொட்டிருக்கிறான். இந்தக் குழப்பம் எனக்கு இன்றும் தீரவில்லை. தெரிந்துகொள்வதற்கும் பாஸாவதற்கும் நடுவில் என்ன ஏற்பாடு இருக்கிறது என்று பிறகு பல ஊர்களில் யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

வீட்டைக் காலி செய்த அன்று கைவண்டி ஒன்று எடுத்துவந்தேன். ஆண்டர்சன்பேட்டையில் ஒரு கடைக்குப் பின்னால் ஒற்றை அறை கிடைத்திருந்தது. டிரங்குப் பெட்டி, பாத்திரம், பாய், படுக்கை. புத்தர் படத்தை அம்மா புடவையில் சுற்றிக் கையிலேயே வைத்துக்கொண்டாள். அப்பாவால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. படுக்கை மேல் உட்காரச் சொன்னோம். முதலில் மறுத்தார். பிறகு ஏறி உட்கார்ந்து, வண்டியின் பக்கக் கட்டையை இரண்டு தட்டுத் தட்டினார். போகலாம் என்று அர்த்தம். நான் முன்னால் இழுத்தேன். தங்கை பின்னால் தள்ளினாள். பட்டியல் ஒட்டிய நாளிலிருந்து அவள் என்னோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

லைன் முடிந்து மேடு ஏறுகிற இடத்தில் வண்டியை நிறுத்தி மூச்சு வாங்கினோம். அப்போது அவள் பின்னாலிருந்து, எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப பதினொண்ணுக்கு எப்படி?"

"பதினொண்ணுக்கு இன்னா ரூலு?"

"ஒண்ணுவுட்டு ஒண்ணு கூட்டணும். அப்புறம் ஒரு கூட்டுலருந்து இன்னொண்ணக் கழிக்கணும். எதுக்குக் கழிக்கறோம்?"

நான் யோசித்தேன். பதினோரு பேர் கேஜ். பத்துப் பேர் வருகிறார்கள். "பத்துப் பேர் ஏறினா ஒரு எடம் காலியா போவுது," என்றேன்.

"ஆளு நிக்கல. எடம் நிக்குது," என்றாள்.

"ஆமா."

"நூறுக்கு?"

"ஒம்பது நடை. தொண்ணூத்தொம்பது. ஒருத்தன் நிக்கறான்."

"பத்துக்கு எடம் காலி, நூறுக்கு ஆள் மிச்சமா? அது எப்படி?"

"தெரியல."

"போங்கடா, வெயில் ஏறுது," என்றார் அப்பா மேலிருந்து.

நான் வண்டியின் கட்டையைத் தூக்கினேன். அவள் குனிந்து தள்ளினாள். சக்கரம் கல்லில் மாட்டி, ஏறி, இறங்கியது. கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து மறுபடியும் அவள் குரல் வந்தது.

"ண்ணா. ஆயிரத்துக்கு?"